காட்டுக் காணிக்குள்ளால் ஜீப், குவாட் பைக் பாதை போடுவதென்றால் ஊர்ச் சனம் எங்கே, எப்படிக் கருத்துச் சொல்வது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: யாழ்ப்பாணத்து வடமராட்சியில் மணற்காடு, நாகர்கோவில் பக்கம் சவுக்கங்காட்டாலும் மணல்மேட்டாலும் ஜீப்பும் குவாட் பைக்கும் (நாலு சில்லு மோட்டார் சைக்கிள்) ஓடப் பாதை ஒதுக்குவதென்று வந்தால் ஊரவர் சொல்லுக்கு இடமுண்டா? அமெரிக்காவில் சனத்தைக் கேட்டுத்தான் செய்கிறார்களாமே, இங்கே என்ன வழி?

இடமுண்டு. ஆனால் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுப்போகும். பாதையின் வரைபடத்தில் கோடு விழுவதற்கு முன் போய்ச் சேரும் கடிதத்துக்குத்தான் பலம். கோடு விழுந்த பிறகு கூடும் கூட்டத்தில் அவர்கள் விளக்கம் சொல்வார்கள், நீங்கள் கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து வருவீர்கள்.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 1972இல் ஜனாதிபதி நிக்சன் போட்ட ஆணை, பொதுக் காணியில் இப்படியான வாகனம் ஓட இடத்தைத் தெரிவுசெய்யும்போது மண், நீர், செடிகொடி, காட்டுயிர் ஆகியவற்றுக்கு வரும் சேதத்தையும் மற்றப் பாவனையாளரோடு வரும் சச்சரவையும் குறைக்கும்படி தெரிவுசெய்யவேண்டும் என்றது. 1977இல் கார்ட்டர் அதை இன்னும் இறுக்கினார். 2005 நவம்பரில் வந்த வனச் சேவை விதிதான் உண்மையான திருப்பம். ஒவ்வொரு தேசிய வனமும் எந்தப் பாதை, எந்த வகை வாகனம், எந்த மாதங்கள் என்று குறித்து ஒரு படம் வெளியிடவேண்டும். அந்தப் படத்தில் இல்லாத தடம் மூடியதற்குச் சமம். அதுவரை "தடை" என்று பலகை போட்டால்தான் தடை; அதற்குப் பிறகு "திறப்பு" என்று படத்தில் இருந்தால்தான் திறப்பு. வாகன வகையைக்கூட அகலத்தால் பிரித்தார்கள்: 50 அங்குலத்துக்கு உட்பட்ட குவாட் ஒரு வகை, அதற்கு மேல் வேறு வகை.

பாதைகளைத் தெரிவுசெய்தபோது முதலில் உத்தேசத்தை அறிவித்துக் கருத்துக் கேட்டார்கள். பெரிய திட்டமென்றால் வரைவுச் சுற்றாடல் அறிக்கைக்கு 45 நாள் தவணை இருந்தது. கடைசியில் ஆட்சேபிக்கும் உரிமை, முன்பே குறிப்பாக எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுந்தான். ஒரே வாசகத்தில் ஆயிரம் கடிதம் வந்தால் அவற்றை ஒரு கட்டாகக் கட்டி, ஒரு கருத்தாக எடுத்து, ஒரு பதில் எழுதுவார்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது மணலுக்குச் சரி, கருத்துக் கடிதத்துக்குச் சரிவராது. ஐந்நூறு கையெழுத்து வைத்த மகஜரை விட, ஐந்து பேர் ஐந்து வேறு துண்டுகளைப் பற்றி எழுதிய ஐந்து கடிதம் பெறுமதியானது.

இங்கே முதல் வேலை காணி யாருடையது என்று பிடிப்பது. சவுக்கு நட்ட காணி வனத் திணைக்களத்தின் கீழ் இருக்கலாம். தெற்கே சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாகியதால் அது வனசீவராசிகள் திணைக்களம். கடலின் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம், அங்கே எந்த அபிவிருத்திக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மணல்மேட்டில் ஏறி இறங்கும் ஒரு பாதை இரண்டு திணைக்களத்தின் எல்லையைத் தாண்டலாம். ஒன்றுக்கு மட்டும் எழுதினால் அது மற்றதைக் கைகாட்டும். ஆகவே ஒரே கடிதத்தை எல்லோருக்கும் முகவரியிட்டு, பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைக்கும் பிரதி வையுங்கள்.

இதிலே வடக்குக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. "வனத் திணைக்களக் காணியில் போடும் பாதையை மேற்கே தள்ளுங்கள்" என்று எழுதும்போது, அது வனக் காணிதான் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அந்த எல்லைக்குள் யாருக்காவது காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தால், கடிதத்தின் மேலேயே "காணி உரித்துத் தொடர்பான எந்தக் கோரிக்கைக்கும் பாதிப்பின்றி" என்று ஒரு வரி போடுங்கள். 2025 மார்ச்சில் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த வர்த்தமானி, மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னதும், வடக்கு கொதித்ததும், பிறகு அது மீளப்பெறப்பட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வர்த்தமானியும் கெடுவும் சத்தமில்லாமல்தான் வரும்.

படத்தைக் கையில் எடுக்க வழி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தில் "திட்டம் பற்றிய விபரம் தருக" என்று எழுதினால் இரண்டு வரிப் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: உத்தேசப் பாதையின் படம், அதன் அளவுத்திட்டத்தோடு, பாதையின் நீளமும் அகலமும், அனுமதிக்கப்படும் வாகன வகை, காணியை வனமாகப் பிரகடனப்படுத்திய வர்த்தமானியின் இலக்கமும் திகதியும், சுற்றாடல் பரிசோதனை ஏதும் கோரப்பட்டதா, கோரப்பட்டால் அதன் பிரதி, திணைக்களங்களுக்கிடையே இதுபற்றி நடந்த கடிதப் போக்குவரத்து. கடைசியாகச் சொன்னதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தாலோ பேசாமல் விட்டாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வரவேண்டாம். தமிழில் எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். வடமாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ். படத்தின் குறியீட்டு விளக்கம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் அதைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை.

இப்போது கணக்கு. 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22ஆம் இலக்க வர்த்தமானிப்படி 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பாவனைக்கு மாற்றினால் அது சுற்றாடல் அனுமதி தேவைப்படும் திட்டம். 4 மீற்றர் அகலப் பாதை 2.5 கிலோமீற்றர் ஓடினால் ஒரு ஹெக்டேயர் முடிந்தது. வாகனம் நிறுத்தும் இடம், திருப்பும் இடம், ரிக்கற் கொட்டில் எல்லாம் அதற்கு மேல். வனக் கட்டளைச் சட்டத்தில் பிரகடனமான காட்டுக்குள்ளோ அதன் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள்ளோ வந்தால், அந்த வர்த்தமானிப் பட்டியலின் முதற் பகுதியிலுள்ள திட்டங்களுக்கு அளவுக் கணக்கே பார்ப்பதில்லை. தேசிய பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் என்றால் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேறு வேண்டும்.

இதிலிருந்து நழுவ இரண்டு வழி உண்டு. "ஏற்கெனவே ட்ரக்டர் தடம் இருக்கிறது, காடு ஒன்றும் மாறவில்லை" என்பது ஒன்று. பாதையை இரண்டு கிலோமீற்றர்த் துண்டுகளாக்கித் தனித்தனித் திட்டமாகக் காட்டுவது மற்றது. முதலாவதுக்கு மறுமொழி அகலம்: இருந்த தடம் 2 மீற்றர், வரப்போவது 4 என்றால் வித்தியாசம் முழுக்கப் புதிதாய் வெட்டுவது. இரண்டாவதுக்கு மறுமொழி, துண்டுகளைச் சேர்த்துக் காட்டும் ஒரே படம். மூன்றாவதாக ஒன்றையும் கவனியுங்கள். முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் சனத்தின் கருத்துக்கு 30 நாள் கட்டாயம். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்ற சுருக்கமான ஆய்வோடு முடித்துவிட்டால் அந்த 30 நாள் கட்டாயமில்லை, அறிக்கையைப் போய்ப் பார்க்கலாம் அவ்வளவுதான். ஆகவே உங்கள் முதற் கடிதத்தின் முதற் கோரிக்கை "இதற்கு முழு மதிப்பீடு செய்க" என்பதாக இருக்கட்டும்.

இனி நடை. இரண்டு பேர், ஒரு போன், 5 மீற்றர் அளவுநாடா (ரேப்), ஒரு நேரான தடி போதும். போனில் தடம் பதியும் செயலியை முதலே இறக்கி, வரைபடத்தையும் இறக்கிவையுங்கள், காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும். சவுக்குக்குக் கீழே இடக்குறிப்பு சில மீற்றர் பிசகும், அதனால் ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் ஒரு நிமிடம் நின்று குறியுங்கள். இருக்கிற தடத்தின் அகலத்தை மூன்று இடத்தில் அளவுங்கள். ரயர்ப் பள்ளத்தின் ஆழத்துக்கு, தடியைப் பள்ளத்தின் இரு கரையிலும் குறுக்கே வைத்து, தடியிலிருந்து பள்ளத்தின் அடிக்கு ரேப்பை இறக்குங்கள். போட்டோவில் ரேப்பின் இலக்கம் தெரியவேண்டும். போட்டோவை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதிலுள்ள இடக்குறிப்பு கழன்றுபோகும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். இன்னொன்று: போன் தரும் இடக்குறிப்பு இலக்கமும் நில அளவைத் திணைக்களப் படத்தின் இலக்கமும் ஒரே முறையில் இல்லை. எந்த முறை என்று குறிக்காவிட்டால் உங்கள் கிணற்றடி வேறொருவரின் காணிக்குள் போய் விழும், அதைக் காட்டியே கடிதத்தை ஒதுக்கிவிடலாம்.

நாகர்கோவில், கிளாலி, முகமாலை பக்கமென்றால் நடைக்கு முன் ஒரு வேலை. அது 2009 வரை போரின் முன்னரங்கு ஓடிய நிலம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லை என்பது பாதுகாப்பு என்று பொருளாகாது. மிதிவெடி அகற்றி ஒப்படைத்த எல்லைப் படத்தை மிதிவெடிச் செயற்பாட்டு அலுவலகத்திடமோ கிராம அலுவலர் ஊடாகவோ பார்த்த பின்னரே இறங்குங்கள். சனம் அன்றாடம் பாவிக்கும் தடத்தை விட்டு விலகவேண்டாம். இதையே கருத்துக் கடிதத்திலும் கேளுங்கள்: பாதையின் இரு பக்கமும் எத்தனை மீற்றருக்கு ஒப்படைப்புச் சான்று இருக்கிறது? மணல் நகர்கிற நிலத்தில் வெடியின் ஆழமும் மாறும். ரயர் புதைந்தவன் எப்போதும் பாதைக்கு வெளியேதான் காலை வைப்பான்.

மணல்மேட்டைப் பற்றி எழுதும்போது "இயற்கை அழியும்" என்று எழுதவேண்டாம், எப்படி அழியும் என்று எழுதுங்கள். மேட்டைப் பிடித்து நிற்பவை இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். ஓடித் தண்டு பரப்பி, மூடிய மணலுக்கு மேலே மறுபடி முளைத்துத்தான் அவை மணலைக் கட்டுகின்றன. ரயர் அந்த ஓடு தண்டை அறுக்கிறது. முகட்டில் ஒரு வாய் திறக்கிறது. சோழகக் காற்றோ வாடைக் காற்றோ அடிக்கத் தொடங்க, காற்று அந்த வாயால் ஒடுங்கிப் பாய்ந்து மணலை அள்ளிப் பின்னால் கொட்டுகிறது. வாய் அகலும், பின்னாலுள்ள கிணறும் தோட்டமும் மூடும். மேட்டுக்குள் மழைநீர் நன்னீராகத் தேங்கி, உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. மேடு தணிந்தால் அந்த நீர் தேங்கும் இடமும் குறையும். ஆகவே கேட்கவேண்டியது: முகட்டைக் குறுக்கே வெட்டாமல், மேட்டுக்குப் பின்னால், ஏற்கெனவே உள்ள தடத்தோடு போகட்டும்.

நீண்ட நேர்ப்பாதையும் கேடு. மணலில் வேகம் கூட்டுவதும் பிறேக் பிடிப்பதும் அலை அலையாகப் பள்ளம் போடும். அதை விலத்த அடுத்த வாகனம் ஓரத்தால் போகும், ஒரு வருடத்தில் ஒரு பாதை மூன்றாகும். வளைவு வைத்தால் வேகம் தானாகக் குறையும். மாரியில் தண்ணீர் நிற்கும் இடத்திலும் இதே கதைதான், அதற்கு மருந்து பருவகால மூடல்.

கடிதத்தின் பாங்கு தெரிய இரண்டு மாதிரி. "இப்பாதை எமது கிராமத்தின் வளத்தை நாசமாக்கும், உடன் நிறுத்துக." இது ஒரே வாசகக் கடிதங்களின் கட்டுக்குள் போய்விடும். இனி இது: "படத்தில் சுடலைத் திருப்பம் முதல் பழைய கிணறு வரையான துண்டு. விடியற்காலை 4 மணி தொடக்கம் 8 மணி வரை கரைவலைக்குப் போவோர் இதால் நடக்கிறார்கள், மாடும் இதால்தான் தண்ணிக்குப் போகிறது. திருப்பத்தில் 15 மீற்றருக்கு அப்பால் எதிரே வருவது தெரியாது. இத்துண்டை மேற்கேயுள்ள ட்ரக்டர் தடத்துக்கு மாற்றுக. மாற்ற இயலாவிடில் காலை 8 மணிக்கு முன் வாகனம் விடாதிருக்கவும், ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மூடவும்." இடம், பாவனை, ஆபத்து, மாற்று, மாற்று முடியாவிட்டால் நிபந்தனை. நிபந்தனை எழுதினால் பாதைக்குச் சம்மதித்ததாகிவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். "எதிர்ப்பு நிலைத்திருக்க" என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும்.

கோயில் நாட்களை விடவேண்டாம். வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்கு மணலால் நடக்கும் சனத்தைக் கொழும்பில் படம் கீறுகிறவருக்குத் தெரியாது. உங்கள் ஊருக்கும் அப்படி ஒரு நாள் இருக்கும், திகதியோடு எழுதுங்கள்.

கூட்டம் வைத்தால் நேரத்தைப் பேரம் பேசுங்கள். வேலை நாளில் காலை 10 மணிக்குப் பிரதேச செயலகத்தில் என்றால் கடலுக்குப் போனவர் வரமாட்டார், விறகு பொறுக்கும் பெண்களும் வரமாட்டார்கள், சுற்றுலா நடத்த விரும்புகிறவர் மட்டும் வருவார். பின்னேரம், சனசமூக நிலையத்தில் என்று கடற்றொழிலாளர் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து எழுத்தில் கேட்கட்டும். வாகனக்காரரையும் கூப்பிடுங்கள். ஒழுங்கான பாதை கிடைத்தால் கண்டபடி ஓடுகிறவனைத் தடுப்பதில் அவர்களுக்கும் அக்கறை உண்டு. நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று ஒரு வாரத்துக்குள் பார்த்து, ஏறாவிட்டால் அதை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எல்லாத் தாளுக்கும் திகதி முத்திரை முக்கியம். அடிப்படை உரிமை மனுவென்று உயர் நீதிமன்றம் போகவேண்டி வந்தால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். நீங்கள் எப்போது அறிந்தீர்கள் என்பதை அந்த முத்திரைதான் காட்டும்.