அதிபுத்திசாலிக் கொலைகாரர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் 'மர்டர் பை நம்பர்ஸ்' (2002) பார்த்தேன். பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு, பொய்த் தடயங்களைப் போட்டுப் போலீசோடு விளையாடுகிறார்கள். அவர்கள் வரும் காட்சிகள் பிரமாதம். ஆனால் துப்பறிகிற சான்ட்ரா புல்லக்கின் பழைய கதை குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது. அதை வெட்டியிருந்தால் படம் எங்கோ போயிருக்கும். இப்படிப்பட்ட அதிபுத்திசாலிப் பையன்கள் நிஜத்தில் இருந்திருக்கிறார்களா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

இருந்தார்கள். அந்தப் படத்துக்கு மூலமே அவர்கள்தான். அதிபுத்திசாலிகளா என்பதில்தான் எனக்கு உங்களோடும் படத்தோடும் தகராறு.

1924, சிகாகோ. நேதன் லியோபோல்டுக்கு வயது 19, ரிச்சர்டு லோபுக்கு 18. இரண்டும் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். லியோபோல்டு பறவை ஆராய்ச்சியில் அந்த வயதிலேயே பெயர் எடுத்தவன். ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சேயைப் படித்துவிட்டு, உயர்ந்த மனிதனைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று நம்பியவன். லோப் விழுந்து விழுந்து படித்தது துப்பறியும் கதைகளை. யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கொலையைச் செய்துகாட்ட வேண்டும் என்று மாதக்கணக்கில் திட்டம் போட்டார்கள். பொய்ப் பெயரில் வாடகைக் கார் எடுத்தார்கள். ஒரு பையனைக் கடத்திக் கொல்வது, ஆனால் உயிரோடு இருப்பதாகக் காட்டிப் பணம் பறிப்பது என்பது ஏற்பாடு. அவனை விடுவிக்க 10,000 டாலர் கேட்டு முன்கூட்டியே ஒரு கடிதத்தை டைப் அடித்து வைத்தார்கள். எந்தப் பையன் என்பது மட்டும் முடிவாகவில்லை. மே 21 அன்று பள்ளியிலிருந்து நடந்து வந்த 14 வயது பாபி ஃபிராங்க்ஸ் அகப்பட்டான். லோபுக்கு உறவுக்காரப் பையன், லோப் வீட்டுக்கு டென்னிஸ் ஆட வருகிறவன். கூப்பிட்டதும் முதலில் மறுத்தான், டென்னிஸ் மட்டையைப் பற்றிப் பேசலாம் என்றதும் காரில் ஏறிவிட்டான்.

இவ்வளவு யோசித்துச் செய்த கொலை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. உல்ஃப் ஏரிப் பக்கம் ரயில் பாதைக்கு அடியில் ஒரு மதகுக் குழாயில் உடலைத் திணித்திருந்தார்கள். மறுநாள் காலை அந்த வழியே போன தொழிலாளி ஒருவர் கண்ணில் கால்கள் பட்டுவிட்டன. பணம் கைக்கு வரும் முன்பே கதை கந்தலாகிவிட்டது. பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி வேறு கிடந்தது. சாதாரணக் கண்ணாடிதான், ஆனால் பிரேமில் இருந்த கீல் புதுவகை. அந்தக் கீல் வைத்த கண்ணாடி சிகாகோவில் மூன்றே பேருக்கு விற்றிருந்தது. மூவரில் ஒருவன் லியோபோல்டு. பறவை பார்க்கப் போனபோது தடுக்கி விழுந்தேன், சட்டைப்பையிலிருந்து நழுவியிருக்கும் என்றான். சரி, விழுந்து காட்டு என்றார்கள். விழுந்தும் காட்டினான். கண்ணாடி பையை விட்டு அசையவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது டிரைவர் விவகாரம். கொலை நடந்த அன்று லியோபோல்டின் காரில் பெண்களோடு ஊர் சுற்றினோம் என்று இருவரும் ஒரே மாதிரி சொல்லிவைத்திருந்தார்கள். வீட்டு டிரைவர், முதலாளி பிள்ளையைக் காப்பாற்றுகிற நினைப்பில், அன்று கார் வெளியே போகவே இல்லை, நான்தான் பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னார். அவ்வளவுதான். பத்தாம் நாள் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். உளியால் அடித்தது மட்டும் நானில்லை, அவன்தான் என்று இருவருமே சொன்னார்கள்.

படம் இந்த அசட்டுத்தனத்தையெல்லாம் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. அதில் பையன்கள் தடயவியலைக் கரைத்துக் குடித்தவர்கள். வேறு ஆட்களின் முடியையும் நூலிழையையும் போட்டுவைத்து, பள்ளியில் துப்புரவு வேலை செய்கிறவரை மாட்டிவிடுகிறார்கள், போலீசும் ஏமாறுகிறது. நாயகிக்குச் சமமான எதிராளி வேண்டும் என்பது திரைக்கதைக்காரரின் கவலை, புரிகிறது. ஆனால் லியோபோல்டும் லோபும் தங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தார்களோ அதையே படமும் நம்பிவிடுகிறது. ரயன் காஸ்லிங்கையும் மைக்கேல் பிட்டையும் நடிக்கவிட்டால் பார்க்கிற நமக்கும் நம்பத் தோன்றும். காஸ்லிங் வரும் காட்சியில் எனக்கும் வேறு பக்கம் கண் போகவில்லை.

இயக்குநர் பார்பெட் ஷ்ரோடர் லேசுப்பட்டவர் இல்லை. உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனைக் கேமரா முன் பேசவிட்டு, அவர் வாயாலேயே அவரைக் காட்டிக்கொடுத்தவர். இங்கேயும் ஓரிடத்தில் அந்தக் குறும்பு தெரிகிறது. இரண்டு பையன்களில் தத்துவம் பேசுகிற ஜஸ்டினுக்கு (மைக்கேல் பிட்) வாந்தி வந்துவிடுகிறது. அந்த வாந்திதான் தடயமாகிறது. இப்படி இன்னும் நான்கு இடம் இருந்திருக்கலாம்.

அப்புறம், நீங்கள் வெட்டச் சொன்ன பகுதி. எடுத்த விதம் சுமார்தான், பழைய நினைவுகள் ஒரே மாதிரி வந்து அலுப்பூட்டுகின்றன. இருந்தாலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். சான்ட்ரா புல்லக் நடிக்கும் கேஸி, கணவனிடம் கத்திக்குத்து வாங்கிப் பிழைத்தவள். அதனால் எல்லோரும் கொலைகாரனைத் தேடும்போது அவள் செத்தவளைப் பார்க்கிறாள். கூட வேலை செய்கிறவருக்கு அது அவளுடைய பலவீனமாகத் தெரிகிறது. அவளை எடுத்துவிட்டால் படத்தில் செத்துப்போன பெண்ணுக்காக ஒரு ஆள் இல்லை. மிச்சமிருப்பது இரண்டு பையன்களின் ஆட்டம். சிகாகோவிலும் அப்படித்தான் ஆனது. பத்திரிகைகளுக்குக் கொலைகாரர்களின் மூளைதான் செய்தி. வக்கீல் கிளாரன்ஸ் டாரோ மணிக்கணக்கில் பேசி, அவர்கள் வயதைக் காட்டித் தூக்கிலிருந்து காப்பாற்றினார். ஆயுள் தண்டனை, அதற்கு மேல் 99 ஆண்டு. வாதம் சரி என்பதே என் கட்சி. ஆனால் அந்த நீதிமன்றத்தில் பாபியைப் பற்றி யார் பேசினார்கள்?

யார் கை வைத்தது என்ற கேள்வியைப் படம் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது. படம் வந்து 20 ஆண்டு தாண்டிவிட்டதால் முடிவைச் சொல்லலாம்: சாதுவாகத் தெரிகிற ஜஸ்டின்தான் கழுத்தை நெரித்தவன். அதைக் கண்டுபிடிப்பது, அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வைத்திருந்த கேஸியேதான்.

இதே வழக்கிலிருந்து வந்த இன்னும் இரண்டைப் பாருங்கள். ஹிட்ச்காக்கின் 'ரோப்' (1948) கதையில் துப்பறிகிறவர் போலீஸ் இல்லை, அந்தப் பையன்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர். 'கம்பல்ஷன்' (1959) நிஜத்துக்கு இன்னும் நெருக்கம், பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி அதில் உண்டு, வக்கீலாக ஆர்சன் வெல்ஸ். முதலில் அதைப் பாருங்கள்.