ஷானன் குறியீடு 2.1 என்றால் காடு வளமானதா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கோயில்காட்டிலும், பக்கத்தில் பராமரிப்பில்லாமல் கிடக்கும் தைலமரத் தோப்பிலும் எம்.எஸ்சி. ஆய்வுக்காக மரங்களையும் புதர்களையும் எண்ணினேன். காட்டில் 10 குவாட்ரட் (எண்ணுவதற்காக அளந்து குறித்த கட்டம்), தோப்பில் 5. இனங்கள் எத்தனை, எவ்வளவு சமமாக இருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் ஷானன் குறியீடு காட்டுக்கு 2.1, தோப்புக்கு 1.4. 'காடு ஒன்றரை மடங்கு வளமானது' என்று எழுதலாமா?

பதில்: இப்போது எழுதாதீர்கள். முதலில் தோப்பில் இன்னும் 5 குவாட்ரட் போடுங்கள். பரப்பு கூடினால் கண்ணில் படும் இனங்களும் கூடும். பத்தையும் ஐந்தையும் ஒப்பிட்டால் காட்டுக்குச் சலுகை காட்டியதாகிவிடும். முதுமலையிலும் பனாமாவின் பாரோ கொலராடோ தீவிலும் தலா 50 ஹெக்டேரில், 1 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத தண்டுகளை எல்லாம் எண்ணுகிறார்கள். விதி ஒன்றாக இருப்பதால்தான் முதுமலையில் ஏறத்தாழ 70 இனம், அங்கே ஏறத்தாழ 300 என்று அருகருகே வைத்துப் பேச முடிகிறது.

அடுத்து, ஷானன் கணக்கில் எந்த மடக்கை (log) போட்டீர்கள்? இயல் மடக்கையில் 2.1 வரும் அதே தரவு, அடிமானம் 2 என்றால் 3.03, அடிமானம் 10 என்றால் 0.91. இதைச் சொல்லாத ஆய்வுக் கட்டுரைகளோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவது வீண் வேலை.

இனி ஒன்றரை மடங்குக்கு வருவோம். ஷானன் குறியீடு இனங்களின் எண்ணிக்கை அல்ல, அதை நேராக வகுக்கக் கூடாது. கால்குலேட்டரில் e-இன் அடுக்காகப் போடுங்கள்: 2.1 என்பது 8.2 ஆகும், 1.4 என்பது 4.1. எல்லாம் சம அளவில் இருக்கும் 8 இனங்களுக்குச் சமமான பன்மை காட்டில், 4 இனங்களுக்குச் சமமானது தோப்பில். அதாவது இரண்டு மடங்கு. 1973-இல் சூழலியலாளர் ஹில் முன்வைத்த இந்த முறையை நம் கல்லூரிகளில் ஏனோ அதிகம் சொல்லித் தருவதில்லை.

இனங்களின் எண்ணிக்கையில் சமநிலை எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 100 மரம், 10 இனம். இனத்துக்குப் பத்து மரம் என்றால் அதே e அடுக்கு முறையில் விடை 10. ஒரே இனம் 91, மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று என்றால் விடை வெறும் 1.6. சிம்ப்சன் என்ற இன்னொரு குறியீட்டு முறையில் (ஒவ்வொரு இனத்தின் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டி, 1-ஐ அதனால் வகுப்பது) இன்னும் இறங்கி 1.2 ஆகும், அது பெரும்பான்மை இனத்துக்கே அதிக எடை தரும். மொத்த இன எண்ணிக்கை, ஷானன், சிம்ப்சன் மூன்றையும் ஒரே அட்டவணையில் கொடுங்கள்.

10 குவாட்ரட் போதுமா என்பதற்கு, ஒரே ஒரு முறை மட்டும் தென்பட்ட இனங்களை எண்ணுங்கள். மொத்தம் 24 இனத்தில் 6 இனம் ஒற்றை (ஒரு முறை மட்டும் தென்பட்டவை), 3 இனம் இரட்டை (இரு முறை தென்பட்டவை) என்று வைத்துக்கொள்வோம். ஆறின் வர்க்கத்தை மூன்றின் இருமடங்கால் வகுத்தால் 6; குறைந்தது இன்னும் 6 இனம் உங்கள் கண்ணில் படவில்லை என்று, தவறவிட்ட இனங்களைக் கணிக்கும் சாவோ மதிப்பீடு சொல்கிறது. அப்படி வந்தால் திரும்பப் போங்கள்.

குறியீட்டுக்கு இனங்களின் பெயர் தெரியாது. வீரையும் காசாவும் உலக்கைப்பாலையும் நிற்கும் காட்டின் ஓரத்தில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் புகுந்தாலும் எண் உயரக்கூடும். ஆகவே அயல் இனங்களைச் சேர்த்து ஒரு தடவை, நீக்கி ஒரு தடவை கணக்கிட்டு, இனப் பட்டியலைப் பின்னிணைப்பில் கொடுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.