கடல் ஆய்வுக்கு பொதுவான கப்பல், லேப், கருவி: உங்க கேள்விகளுக்கு பதில்

ஆராய்ச்சியாளர்களும் கம்பெனிகளும் சேர்ந்து பயன்படுத்துற கடல் ஆய்வு வசதிகளை திட்டம் போட்டு நடத்துறது தான் என் வேலை. அதைப் பத்தி எது வேணா கேளுங்க. லோன், மானியம், அட்மிஷன் மட்டும் வேண்டாம், அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க.

கேள்வி: அக்கா, பொது வசதினா ஒரே பில்டிங்ல எல்லாரும் உக்காந்து வேலை பாக்குறதா? இது புதுசா வந்ததா?

பதில்: ரொம்ப பழசு தம்பி. ஆன்டன் டோர்ன்னு ஒரு ஜெர்மன் விலங்கியலாளர் 1872ல நேப்பிள்ஸ் கடலோரத்துல ஒரு ஆய்வு நிலையம் ஆரம்பிச்சார். கட்டடத்துக்கு எப்படியோ காசு புரட்டிடலாம், வருஷா வருஷம் நடத்துறதுக்கு எங்க போறது? அதுக்கு அவர் மேசை வாடகைனு ஒரு ஏற்பாடு பண்ணார். ஒரு பல்கலைக்கழகமோ அரசாங்கமோ வருஷ சந்தா கட்டிட்டா அங்க அவங்களுக்கு ஒரு மேசை, அவங்க அனுப்புற ஆள் வந்து உக்காந்தா போதும், கடல் தண்ணி, கெமிக்கல், லைப்ரரி, அன்னன்னிக்கு பிடிச்சிட்டு வர்ற உயிரினம் எல்லாம் கைக்கு வந்துரும். கூடவே மக்கள் டிக்கெட் வாங்கி பாக்குற மீன் காட்சியகம் ஒண்ணு, 1874ல திறந்தாங்க, அந்த வருமானமும் ஆராய்ச்சிக்கு போச்சு. சந்தா கட்டுறவன், வந்து வேலை செய்யுறவன், ஊழியர், வெளி வருமானம், இந்த நாலையும் அவர் அப்பவே யோசிச்சு வெச்சிருக்கார் பாருங்க. இன்னிக்கு ஐரோப்பாவுல பல நாட்டு கடல் நிலையங்கள் சேர்ந்து எம்பிஆர்சினு ஒரே அமைப்பா இயங்குது, 2018ல அதுக்கு சட்டப்படி தனி அந்தஸ்து கிடைச்சுது. எந்த நிலையத்து வசதி வேணும்னாலும் ஒரே வாசல் வழியா கேக்கலாம், கம்பெனியும் கேக்கலாம்.

கேள்வி: ஆழ்கடல் ரோபோ ஒண்ணு வாங்க எவ்வளவு ஆகும்?

பதில்: ஆழத்தையும் வேலையையும் பொறுத்து மாறும். அதைவிட முக்கியமா, அதை ஓட்டுற ஆளுக்கும் பழுது பாக்குறவருக்கும் வருஷா வருஷம் சம்பளம் யார் குடுப்பாங்கனு எழுதி கையெழுத்து ஆகுற வரைக்கும் ஆர்டர் போடாதீங்க. கருவி வாங்க நிதி தர்றவங்க நிறைய பேர், ஓட்ட நிதி தர்றவங்க குறைவு.

கேள்வி: கம்பெனிக்கு இதுல என்ன லாபம்? சும்மா பேருக்கு சேத்துக்கறாங்களா?

பதில்: ஸ்காட்லாந்துல ஆர்க்னி தீவுகள்ல 2003லேருந்து அலை, நீரோட்டத்துல மின்சாரம் எடுக்குற மெஷின்களை சோதிக்க ஒரு மையம் இருக்கு. கடலுக்கடியில கேபிள் ஏற்கனவே போட்டு கிரிட்ல இணைச்சாச்சு, அலை அளவு பல வருஷமா பதிவாகுது, அனுமதி வாங்குறதுல பாதி வேலையும் முன்னாடியே முடிஞ்சிருக்கும். கம்பெனி மெஷினை கொண்டு வந்து இறக்கினா சோதனைய ஆரம்பிச்சுரலாம், இதே எல்லாத்தையும் ஒரு சின்ன கம்பெனி தனியா பண்ணப் போனா மெஷின் தண்ணிய பாக்குறதுக்கு முன்னாடியே காசு காலி. எதிர்ப்பக்கமும் உண்டு, எண்ணெய்க் கம்பெனிகளோட ரோபோக்கள் வேலையில்லாம நிக்கிற நேரத்துல ஆழ்கடல் உயிரினங்களை படம் பிடிக்க விஞ்ஞானிகளுக்கு குடுக்குற செர்பென்ட்னு ஒரு திட்டம் பிரிட்டன்ல ஆரம்பிச்சாங்க. வேற யாருமே காசு குடுத்து போகாத இடத்துலேருந்து அவ்வளவு நல்ல வீடியோ வந்துது.

கேள்வி: மேடம், மக்கள் வரிப்பணத்துல வாங்கின கப்பலை கம்பெனிக்கு ஏன் குடுக்கணும்? இது அநியாயமா படலயா?

பதில்: நியாயமான கோபம் தான். ஐரோப்பாவுல இதுக்கு ஒரு அளவு வெச்சிருக்காங்க. முக்கியமா ஆராய்ச்சிக்காக இருக்குற வசதியோட வருஷ திறன்ல 20 சதவீதத்துக்குள்ள தான் வணிக வேலைனா அதை துணை வேலையா எடுத்துக்கலாம், அதுக்கு மேல போனா அரசு உதவி விதிகள் (அரசு காசு போட்டியைக் கெடுக்கக் கூடாதுங்கற விதிகள்) வந்து நிக்கும். அந்த 20க்கும் சும்மா குடுக்கக் கூடாது, முழு செலவையும் வாங்கணும், கணக்கை தனியா வெக்கணும். அப்படி வந்த காசு அந்த வசதிய நடத்துற ஊழியரை வேலையில வெச்சிருக்கும்.

அதே நபர்: காசு சரி, டேட்டா? அரசு கப்பல்ல எடுத்த டேட்டாவ கம்பெனி பூட்டி வெச்சுக்குமே?

இன்னொருவர்: நான் கம்பெனில இருக்கேன். நாங்க செலவு பண்ணி எடுத்த சர்வேய போட்டியாளருக்கு தூக்கி குடுக்கணுமா? அப்படினா நாங்க வரவே மாட்டோம்.

பதில்: ரெண்டு பேரும் டேட்டானு சொல்றீங்க, ஆனா வேற வேற பொருளை சொல்றீங்க. மெஷின் எப்படி வேலை செஞ்சுது, எங்க உடைஞ்சுது, இது கம்பெனியோடது. அந்த நேரத்துல கடல் எப்படி இருந்துது, வெப்பம், உப்பு, ஆழம், நீரோட்டம், இது வெளிய வரணும். ஆர்கோ மிதவைகளை பாருங்க, கிட்டத்தட்ட 4000 மிதவை உலகம் பூரா, பத்து நாளைக்கு ஒரு தடவை 2000 மீட்டர் ஆழம் வரை போய் அளந்துகிட்டே மேல வருது, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள அந்த டேட்டா யார் வேணா எடுக்குற மாதிரி வந்துருது. வானிலை மையமும் எடுக்குது, வியாபாரம் பண்றவங்களும் எடுக்கறாங்க.

கம்பெனி நபர்: ஆழ அளவு கூட எங்களுக்கு ரகசியம் தான். நாங்க எந்த இடத்த பாக்குறோம்னே தெரிஞ்சுரும்.

பதில்: வேலை செய்யுற இடத்தோடது இருக்கட்டும். துறைமுகத்துலேருந்து அந்த இடத்துக்கு போற வழியில எடுக்குற ஆழ அளவு யாருக்கு ரகசியம்? கடல் தரை முழுசையும் வரைபடமாக்க 2017ல ஆரம்பிச்ச சீபெட் 2030 திட்டத்துக்கு கம்பெனிகள் அதைத் தான் குடுக்கறாங்க, துல்லியத்தை குறைச்சும் குடுக்கலாம். கடல் தரையில இன்னும் கால்வாசிக்கு கொஞ்சம் மேல தான் முறையா அளந்திருக்கு, வழியில போற ஒவ்வொரு கப்பலும் வேணும்.

முதல் நபர்: "அப்புறம் தர்றோம்"னு சொல்லிட்டு தராம போனா?

பதில்: அதனால தான் ஒப்பந்தத்துல தேதி போடணும். ரெண்டு வருஷம் மூடி வெக்கலாம்னா ரெண்டு வருஷம், அன்னிக்கு தானா திறக்கணும், கம்பெனி இன்னொரு தடவை சம்மதம் சொல்லணும்னு வெக்காதீங்க. டேட்டாவும் மொத நாள்லேருந்தே பொது நிலையத்து சர்வர்ல இருக்கணும். கப்பல் கிளம்பின பிறகு இதை பேச ஆரம்பிச்சா பேச்சு முடியவே முடியாது.

கேள்வி: நீருக்கடியில போற ட்ரோன் என்ன விலை?

பதில்: ரோபோவுக்கு சொன்னதே தான். ஆள், சம்பளம், அப்புறம் ஆர்டர்.

கேள்வி: தனக்கு வேண்டிய கடல்ல கப்பல் இல்லாத நிறுவனம் என்ன பண்றது?

பதில்: பண்டமாற்று. ஐரோப்பாவுல சில கப்பல் நிறுவனங்கள் காசு கை மாறாம கப்பல் நாட்களை மாத்திக்கறாங்க, உன் கப்பல் பசிபிக்ல இருக்கா, என் ஆளுங்களை ஏத்திக்கோ, அட்லாண்டிக்ல நான் உனக்கு பண்றேன்னு. காலியா கடல் தாண்டுற எரிபொருள் செலவு மிச்சம்.

கேள்வி: கடற்பாசி, பஞ்சுயிரி எடுத்து மருந்துக் கம்பெனிக்கு குடுக்கலாமா?

பதில்: பேப்பர் இருந்தா. கூம்பு நத்தை விஷத்துலேருந்து வந்த வலி மருந்து 2004லயே அமெரிக்காவுல அனுமதி வாங்கிருச்சு, அதனால கம்பெனிகளுக்கு ஆசை நிறையவே இருக்கு. ஆனா நகோயா நெறிமுறைனு ஒரு சர்வதேச ஒப்பந்தம் 2014லேருந்து நடைமுறையில இருக்கு, எந்த நாட்டு தண்ணில, யார் அனுமதியில, லாபப் பங்கு என்னனு ஆவணம் கேக்கறாங்க. ஃப்ரீசர்ல ஆவணம் இல்லாம இருக்குற சாம்பிளை நல்ல கம்பெனி தொடாது. எடுக்குற அன்னிக்கே எழுதுங்க.

கேள்வி: வேற நாட்டு கடல்ல ஆய்வு பண்ண?

பதில்: கடல் சட்டப்படி குறைஞ்சது ஆறு மாசம் முன்னாடி அந்த நாட்டுக்கு விவரம் குடுக்கணும்.

கேள்வி: சோனார் விலை...

பதில்: மேல படிங்க ப்ளீஸ். மூணாவது தடவை.

கேள்வி: நாங்க ஒரு சின்ன கல்லூரி, மூணு கம்பெனி கூட வர்றேன்னு சொல்லுது. கையில காசு கம்மி. எதுல ஆரம்பிக்கலாம்?

பதில்: உங்களுக்கு தான் நிறைய எழுதணும்னு நினைச்சேன். சென்சார் சரிபார்க்குற ஒரு தொட்டிய போடுங்க. கடல்ல இறக்கின சென்சார் மேல பாசியும் சிப்பியும் ஒட்டி கொஞ்ச வாரத்துலயே அளவு விலக ஆரம்பிக்கும், இறக்குறதுக்கு முன்னயும் எடுத்த பிறகும் சரிபார்க்கலனா அந்த டேட்டாவ கல்லூரியும் நம்ப முடியாது, கம்பெனியும் நம்ப முடியாது. மூணு கம்பெனிக்கும் இது தேவை, யாரோட ரகசியமும் இதுல இல்ல, அதனால சண்டையும் வராது. உப்புத்தன்மைக்கும் வெப்பத்துக்கும் மட்டும் மொதல்ல வெச்சுக்கோங்க, அழுத்தம் அப்புறம். ஒரு நிரந்தர டெக்னீஷியன், ஒரு புக்கிங் காலண்டர், கல்லூரிக்கு ஒரு கட்டணம் கம்பெனிக்கு ஒரு கட்டணம்னு வெளிப்படையா ஒரு பக்கம். டெக்னீஷியன் சம்பளத்தை மூணு கம்பெனியும் அஞ்சு வருஷத்துக்கு பங்கு போடுறோம்னு கையெழுத்து போட்டா உடனே ஆரம்பிங்க. போடலனா அதுக்கான ஆளை தேடிட்டு ஆரம்பிங்க.