பாதி மூடிய வால்வும் மின்கட்டணமும்

கேள்வி: எங்கள் குடிநீர் நிலையத்துப் பம்பு, வால்வைப் பாதி மூடிய நிலையிலேயே எப்போதும் ஓடுகிறது, முழுவதும் திறந்தால் மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுக்கிறது என்கிறார் இயக்குபவர். மின்கட்டணத்தைக் குறைக்கப் புதிய பம்பு வாங்குவதா, வேகத்தை மாற்றும் கருவி பொருத்துவதா?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன், அந்த வால்வின் இருபுறமும் ஒவ்வோர் அழுத்தமானியைப் பொருத்திப் பாருங்கள். பம்புப் பக்கம் 6 பார், மறுபக்கம் 4 பார் என்று முள் காட்டினால் (பார் என்பது அழுத்த அலகு, 1 பார் சுமார் 10 மீட்டர் உயர நீரின் அழுத்தம்), நீரை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப் போதுமான ஆற்றலை வால்வே விழுங்குகிறது என்று பொருள். மணிக்கு 100 கன மீட்டர் நீரை, பம்பும் மோட்டாரும் சேர்ந்து 65 சதவீதத் திறனில் இறைக்கும்போது, இந்த இழப்புக்கு மட்டும் சுமார் 8.4 கிலோவாட் போகிறது. நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 168 யூனிட்.

இயக்குபவர் சொல்வது சரிதான். திட்டமிட்ட ஒவ்வொருவரும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று பம்பு நீரை ஏற்ற வேண்டிய உயரத்தைக் கூட்டிக்கொண்டே போக, தேவைக்கு மீறிய பம்பு வந்து சேர்ந்திருக்கும். வால்வைத் திறந்தால் அது மிகுதியான நீரைத் தள்ளி மோட்டாரைத் திணறடிக்கும். தேவை நாள் முழுவதும் ஒரே அளவு என்றால், தயாரிப்பாளர் அனுமதிக்கும் வரம்புக்குள் இம்பெல்லரின் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரத்தின்) விட்டத்தைக் கடைசல் பிடித்துக் குறைப்பதே மலிவான வழி என்பது என் கருத்து.

தேவை மணிக்கு மணி மாறினால் வேகமாற்றக் கருவி பயன்தரும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்தேவை 51 சதவீதமாகிவிடும் என்று விற்பனையாளர் சொல்லும் கணக்கு, நீண்ட குழாயின் உராய்வே பெரும் சுமையாக உள்ள இடத்துக்குத்தான் பொருந்தும். உயரமான தொட்டிக்கு ஏற்றும் பம்பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இம்பெல்லர் சுழலும், நீர் ஏறாது.

புதிய பம்பு தேவையா என்பதை, ஒரு கன மீட்டருக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்ற கணக்கே சொல்லும். பம்பு மொத்தம் 60 மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தம் தரும்போது கால் யூனிட் ஆனால் குறையில்லை, 0.33 ஆனால் திறன் 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, உள்ளே நீர் பின்னோக்கிக் கசியாமல் தடுக்கும் வளையங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: இரவில் மட்டும் தொட்டியை நிரப்பினால் மிச்சமாகுமா?

பதில்: இரவுக்கட்டணம் குறைவாக இருந்தால் பணம் மிச்சமாகும், மின்சாரம் மிச்சமாகாது. சீக்கிரம் முடிக்கலாம் என்று இரண்டு பம்புகளை ஒரே குழாயில் சேர்த்து ஓட்டாதீர்கள். ஓட்டம் இரட்டித்தால் உராய்வு இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும்.