புரொப்பல்லர் இல்லாத கப்பல்

கேள்வி: காந்தமும் மின்சாரமும் கொண்டே கப்பலை அதிவேகமாக ஓட்டலாம் என்கிறார்களே, நம்ம விசைப்படகுக்கு அது வருமா? வீட்டில் செய்து பார்க்கலாமா?
- வாசகர், காசிமேடு

பதில்: ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஜப்பானின் 'யமாட்டோ-1' கப்பல் 1992-ல் கோபே துறைமுகத்தில் ஓடியது. 30 மீட்டர் நீளம், 185 டன், வேகம் சுமார் 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்). அதிவேகம் அதில் கிடைக்கவில்லை.

தத்துவம் எளிது. குழாய்க்குள் கடல்நீர், இருபுறமும் மின்முனைகள், மின்னோட்டத்துக்குக் குறுக்கே காந்தப்புலம். இரண்டுக்கும் செங்குத்தான திசையில் நீர் பின்னால் தள்ளப்படும், படகு முன்னால் போகும்.

சிக்கல் தண்ணீரில்தான். தாமிரம் கடல்நீரைவிட ஒரு கோடி மடங்குக்கும் மேல் நன்றாக மின்சாரம் கடத்தும். கணக்கைப் பாருங்கள். 4 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்தில் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் நீர் பாய்ந்தால், நீருக்குள்ளேயே மீட்டருக்கு 32 வோல்ட் எதிர் மின்னழுத்தம் எழும். நாம் மீட்டருக்கு 64 வோல்ட் கொடுத்தால் பாதி மின்சாரம் தள்ளுவதற்கு, மீதிப் பாதி வெறும் சூடு. அப்படியும் ஒரு கனமீட்டர் நீருக்குக் கிடைக்கும் உந்துவிசை 640 நியூட்டன், ஏறக்குறைய 65 கிலோ எடை. மின்னழுத்தத்தை இன்னும் ஏற்றினால் விசை கூடும், ஆனால் வீணாகும் பங்கும் கூடும். காந்தத்தை இரட்டிப்பாக்கினாலோ அதே சிக்கனத்தில் விசை நான்கு மடங்கு. அதனால்தான் எல்லாரும் காந்தத்தின் பின்னால் ஓடுகிறார்கள். ஆனால் 4 டெஸ்லாவுக்கே யமாட்டோவில் மீக்கடத்திச் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத கம்பி) சுருள்களைத் திரவ ஹீலியத்தில் -269 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது.

மின்முனைத் தொல்லை வேறு. நேர்முனையில் குளோரின் வந்து உலோகத்தை அரிக்கும். எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழிகள் மின்சாரத்தை மறிக்கும், சுண்ணாம்பும் மக்னீசியமும் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூவம் முகத்துவாரத்தில் உப்பு குறைந்தால் விசையும் குறையும். விசைப்படகுக்கு இப்போதைக்கு டீசலும் புரொப்பல்லருமே சரி.

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு கலந்த நீரை 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். அடியில் வெளிப்புறமாக ஒரு நியோடிமியம் காந்தத்தை, துருவம் மேல்நோக்கி இருக்கும்படி ஒட்டுங்கள். காந்தத்துக்கு இருபுறமும், 3 சென்டிமீட்டர் இடைவெளியில், நீரில் இரண்டு கார்பன் குச்சிகள்; அவற்றுக்கு 9 வோல்ட் பேட்டரி. மிளகுத்தூள் தூவினால் நீர் ஓடுவது தெரியும். விசை 0.2 கிராம் எடைகூட வராது. திசை மாற, பேட்டரியின் முனைகளை மாற்றுங்கள். தாமிரக் கம்பி வேண்டாம், கரைந்து நீர் பச்சையாகிவிடும். பிளீச்சிங் பவுடர் வாடை வந்தால் அது குளோரின்: சன்னலைத் திறந்து வைத்து, இரண்டு நிமிடத்தில் இணைப்பைத் துண்டியுங்கள்.