ரத்தத்தில் கால்சியம் குறைவு: மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: என் அறிக்கையில் கால்சியம் 7.8 என்று வந்திருக்கிறது. 8.5-க்குக் குறையக்கூடாது என்கிறார்கள். மாத்திரையைத் தொடங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதத்தோடு, அதிலும் பெரும்பாலும் அல்புமினோடு, ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. நரம்புக்கும் தசைக்கும் இதயத்துக்கும் பயன்படுவது ஒட்டாமல் தனித்திருக்கும் அயனிக் கால்சியம்தான். அல்புமின் குறைந்தால் மொத்த அளவும் குறைந்து தெரியும். அயனி அளவு சரியாகவே இருக்கலாம். அல்புமின் 4-இலிருந்து எவ்வளவு குறைகிறதோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்டுங்கள். உங்கள் அல்புமின் 2.5 என்றால் 1.2 கூடும், 7.8 என்பது 9 ஆகிவிடும். தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. அயனிக் கால்சியத்தையே நேரடியாக அளக்கச் சொல்வேன்.

கேள்வி: கால்சியம் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. சாப்பிடும் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை என் அம்மாவின் கையில் இறுக்கி, மூன்று நிமிடம் அப்படியே விட்டுவிட்டார் மருத்துவர். எதற்கு?

பதில்: அது ட்ரூசோ சோதனை. கைக்கு ரத்தம் போவது தடைபடும்போது, கால்சியம் குறைந்தவர்களின் மணிக்கட்டு மடங்கும், கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் இழுபடும், மற்ற விரல்கள் நீண்டு ஒன்றாகக் குவியும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. காதுக்கு முன்னால் விரலால் தட்டி உதட்டோரம் துடிக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஆனால் அந்தத் துடிப்பு நலமாக இருப்பவர்கள் சிலருக்கும் வரும் என்பதால் அதற்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை.

கேள்வி: குறைவு உறுதியாகிவிட்டது. இன்னும் ஏன் இத்தனை பரிசோதனைகள்?

பதில்: குறைவு என்று தெரிந்தால் போதாது, ஏன் குறைந்தது என்று தெரிய வேண்டும். ரத்தக் கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு ஹார்மோன், பாஸ்பேட், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், மக்னீசியம் ஐந்தையும் பார்க்கிறோம். தைராய்டு அறுவை சிகிச்சையில் அதை ஒட்டியுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டிருந்தால் பாராதைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கும். வைட்டமின் டி போதாதபோதும் சிறுநீரகம் பழுதானபோதும் அது ஏறியிருக்கும். மக்னீசியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அது மிகவும் குறைந்துவிட்டால் அந்த ஹார்மோன் சரியாகச் சுரக்காது. மக்னீசியத்தைச் சரிசெய்யும் வரை எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் அளவு நிலைக்காது.

கேள்வி: எலும்பு அடர்த்திச் சோதனை சரியாக இருந்தது. அது போதாதா?

பதில்: போதாது. அது எலும்பைப் பற்றியது, ரத்தத்தைப் பற்றியது அல்ல.

கேள்வி: எப்போது காத்திருக்கக்கூடாது?

பதில்: வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வலிப்பு, தொண்டை இறுகி மூச்சை இழுக்கும்போது சத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே இசிஜி எடுத்து, க்யூடி இடைவெளி (இதயக் கீழறைகளின் மின் இயக்கம் தொடங்கி அடங்கும் நேரம்) நீண்டிருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியாகவே கால்சியம் ஏற்றுவார்கள்.