சிசிஎன்ஏ படிக்க எந்த ஸ்விட்ச்?

சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் பழக எட்டாயிரம் ரூபாய்க்குள் இரண்டு ஸ்விட்ச் (கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) வேண்டும், சென்னை ரிச்சி தெருவில் சிஸ்கோ 2950 மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ரொம்பப் பழசு; பலவற்றில் தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்கூட இருக்காது. பழைய 2960 இரண்டு தேடுங்கள். விலான் (ஒரு ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), டிரங்க் (பல விலான்களை ஒரே கேபிளில் அனுப்புவது), எஸ்டிபி (தகவல் வட்டமடித்துச் சுற்றாமல் தடுப்பது), ஈதர்சேனல் (பல கேபிள்களை ஒன்றாகச் சேர்ப்பது) எல்லாம் அதிலேயே பழகலாம். ஸ்விட்சிலேயே விலான்களுக்கு இடையே ரவுட்டிங் (ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் அனுப்புவது) முழுசாகச் செய்து பார்க்க ஆசை என்றால் ஒன்றை மட்டும் 3560 ஆக எடுங்கள்.

லேப்டாப்பையும், அதிலிருந்து ஸ்விட்சுக்குக் கட்டளை கொடுக்க உதவும் கன்சோல் கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே கரண்ட் கொடுத்து, 9600 பாட் வேகத்தில் இணைத்து, ‘ஷோ வெர்ஷன்’ என்ற கட்டளையை அடியுங்கள். ஐஓஎஸ் (ஸ்விட்சில் ஓடும் சிஸ்கோ மென்பொருள்) பெயரில் லேன்பேஸ் என்று இருந்தால் நல்லது. லேன்லைட்டில் வசதிகள் குறைவு. பாஸ்வேர்டு கேட்டால் பயப்பட வேண்டாம், முன்பக்க மோட் பட்டனை அழுத்திக்கொண்டே பிளக்கைப் போட்டு, பழைய அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலின் பெயரை மாற்றினால் போதும். அப்புறம் ஒவ்வொரு போர்ட்டிலும் கேபிளைச் செருகிப் பச்சை விளக்கு வருகிறதா பாருங்கள். நான் அவசரத்தில் பார்க்காமல் தூக்கிவந்த ஒன்றில் பாதி போர்ட் செத்துக் கிடந்தது. கடைக்காரர் திருப்பி எடுக்கவே இல்லை.

ஒற்றைப் படுக்கையறை வீடு என்கிறீர்கள். 24 போர்ட் பெட்டியின் ஃபேன் இரைச்சலில் வீட்டில் திட்டு விழும். 2960இல் ஃபேன் இல்லாத 8 போர்ட் மாடல் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்கும்வரை நெட்வொர்க்கைக் கணினியிலேயே அமைத்துப் பார்க்கும் சிஸ்கோ மென்பொருளான பேக்கெட் டிரேசரில் ஓட்டுங்கள், இலவசம்தானே.